வெடித்துப்போன பழைய ஸ்டிக்கரை, பெயின்ட் கெடாமல் எடுப்பது எப்படி?

கேள்வி:

வணக்கம். எங்களிடம் 2011இல் வாங்கிய சிவப்பு ஸ்விஃப்ட் கார் இருக்கிறது. வாங்கிய புதிதில் அப்பா ஆசைப்பட்டு, இரு பக்கக் கதவுகளிலும் நீளமான கறுப்புப் பட்டை ஸ்டிக்கர் ஒட்டினார். மதுரை வெயிலில் ஆண்டுக்கணக்காக நின்றதில் அது வறண்டு வெடித்துவிட்டது. நகத்தால் கிளப்பினால் அரிசி அளவுத் துணுக்காக உதிர்கிறதே தவிர, உரிந்து வருவதில்லை. தின்னர் போட்டுத் துடைத்தால் ஐந்து நிமிட வேலை என்று பட்டறையில் சொன்னார்கள். இடப்பக்கப் பின்கதவுக்கு மட்டும் 2016இல் மறுபடி பெயின்ட் அடித்திருப்பதால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அதே இடத்தில் அதே போன்ற பட்டையைப் புதிதாக ஒட்டவும் வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1:

தின்னர் வேண்டவே வேண்டாம். தொழிற்சாலையில் அடிக்கும் பெயின்ட் ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் இறுகியது. பட்டறையில் அடிப்பதோ 60 டிகிரி அளவில், பல இடங்களில் வெறும் வெயிலிலேயே உலர்வது. ஆகவே அந்தப் பின்கதவில் தின்னர் பட்டால் பசையோடு பெயின்டும் இளகிவிடக்கூடும். என் பழைய காரின் பானெட்டில் அப்படித்தான் ஆயிற்று. துணியில் நிறம் ஏறியதைப் பார்த்த பிறகே கையை எடுத்தேன்.

சூடு காட்டி எடுப்பதே பாதுகாப்பானது. முதலில் கதவை ஷாம்பு நீரால் கழுவி மண் துகளைப் போக்குங்கள், இல்லாவிட்டால் அதுவே கீறும். பிறகு ஹேர் டிரையரை அரைச் சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்தபடி, கை பொறுக்கும் சூடு வரும் வரை காட்டுங்கள். ஹீட் கன் 500 டிகிரியையும் தாண்டக்கூடியது என்பதால், பழக்கம் இல்லாதவர் அதை எடுக்காதிருப்பது நல்லது. ஸ்டிக்கர் இளகியதும் பழைய ஏடிஎம் அட்டையின் ஓரத்தால் கிளப்பி, வெளிப்பக்கமாக வெடுக்கென்று இழுக்காமல், உரிந்த பகுதியை அதன் மேலேயே மடித்தவாறு மெதுவாக இழுங்கள். பிளேடு வேண்டாம். இந்த அளவு வறண்ட ஸ்டிக்கர் சூட்டிலும் சிறு சிறு துண்டாகத்தான் வரும். ஒரு கதவுக்கே இரண்டு மணி நேரம் ஆகலாம்.

மிஞ்சிய பசைக்கு, கதவு நன்றாக ஆறிய பின், டிரையரை அப்புறப்படுத்திவிட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் அதன் மேல் படியவிட்டுத் துடைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

மறுமொழி 2:

நான் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டும் தொழிலில் இருக்கிறேன். மேலே சொன்னது அனைத்தும் சரி. ஆனால் உரிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. பழைய பட்டையின் மேல் பட்டர் பேப்பரை வைத்து அதன் வடிவத்தை நகலெடுத்து, கைப்பிடியிலிருந்தும் கதவு இடுக்கிலிருந்தும் அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கருக்கு அடியில் வெயில் படாத பெயின்ட் புதுச் சிவப்பாகவும், சுற்றியுள்ளது வெளிறியும் இருக்கும். சிவப்பில் இது பளிச்சென்று தெரியும். பாலிஷ் போட்டால் வேற்றுமை குறையுமே தவிர முழுதாக மறையாது. நிறத்தின் மேலே இருக்கும் கிளியர் கோட் என்னும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) என்பதால், நிறம் ஒத்துவரும் வரை, மேற்பரப்பைத் தேய்த்தெடுக்கும் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுக்கொண்டே இருப்பதும் ஆபத்து. புதிய பட்டையைச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டச் சொன்னால் பழைய தடம் அதற்குள் அடங்கிவிடும்.

ஸ்டிக்கர் வெட்டும் பிளாஸ்டிக் தாளான வினைலில், விலை மலிவானது வெயிலில் சுருங்கி வெடிக்கும். எளிதில் சுருங்காத உயர்தர வகையைக் காஸ்ட் வினைல் என்று கேட்டு வாங்குங்கள். ஒட்டும் இடத்தில் மெழுகுப் பாலிஷ் இருக்கக் கூடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, ஷாம்பு இரண்டு சொட்டு கலந்த நீரைத் தெளித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளி ஒட்டுங்கள். ஒரு வாரம் வண்டியைக் கழுவ வேண்டாம்.

கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. நகல் எடுத்துவிட்டு, வலப்பக்க முன்கதவை முடித்தேன். பெயின்டுக்கு எந்தக் குறையும் இல்லை. பின்கதவில் ஸ்டிக்கரோடு பெயின்டும் கிளம்பினால் என்ன செய்வது?

மறுமொழி 1:

அந்தக் கதவைக் கடைசியாக எடுத்துக்கொண்டு, சூட்டை இன்னும் குறைத்து, கீழ் மூலையில் விரல் அகலத்துக்கு மட்டும் முதலில் உரித்துப் பாருங்கள். ஸ்டிக்கரின் அடியில் சிவப்புச் செதில் ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2016இல் அடித்த பெயின்ட் சரியாகப் பிடிக்கவில்லை என்று அதற்குப் பொருள். அந்த ஒரு கதவை மட்டும் பெயின்டரிடம் கொடுத்து, பெயின்ட் நன்றாக இறுகிய பிறகு புதிய பட்டையை ஒட்டலாம்.