லேசர் படகுக்குள் தண்ணீர் புகுகிறது, எங்கே என்று தெரியவில்லை

என் படகு லேசர் என்ற வகைச் சிறு பாய்மரப் படகு. பழையது, 4.2 மீட்டர், ஃபைபர்கிளாஸ், மேல்தட்டு மூடி உள்ளே வெற்றிடமாக இருக்கும். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் ஓட்டுகிறேன். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதிலிருந்து, கரையேறி, உள்ளே சேரும் தண்ணீரை வடிக்கும் துளையின் அடைப்பானைத் திறந்தால் ஒரு வாளித் தண்ணீர் கொட்டுகிறது. காற்று பலமாக அடிக்கும் நாளில் மட்டும்தான் இப்படி. மெல்லிய காற்றில் சொட்டுகூட இல்லை.

அடைப்பானின் ரப்பர் வளையத்தை மாற்றினேன். பாய்மரம் நிற்கும் குழியில் இரவு முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்தேன், மட்டம் இறங்கவில்லை. அப்புறம் சோப்பு நீர் தடவி, உள்ளே மெல்லக் காற்று ஊதிப் பார்த்தாயிற்று. மேல்தட்டும் அடிப்பகுதியும் சேரும் விளிம்பில் குமிழே வரவில்லை. சுக்கான் திருகுகளுக்கும் சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) வைத்தாயிற்று. புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். என் மகள் பாய் பிடிக்கக் கற்றது இதில்தான், விட மனமில்லை.

காற்றில் பாய்மரம் வளைந்து இழுக்கும்போது மட்டும் திறக்கிற வெடிப்பை, மேல்தட்டை அறுக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?