தக்கனாவுக்குத் தமிழ்: 'சட்டத் திருத்தம்' சரியா?

> யூதச் சமயச் சட்டத்தில் ரபிகள் (சமயச் சட்ட அறிஞர்கள்) கொண்டுவரும் புது விதியான 'தக்கனா'வைச் சட்டத் திருத்தம் என்றே எழுதலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். திருத்தம் என்றால் மூல வாசகத்தில் கை வைத்தாயிற்று என்று பொருள். தக்கனாவால் தோராவில் (மோசேயின் ஐந்து நூல்களில்) ஓர் எழுத்தும் மாறாது.

பழங்கால யூத அறிஞர் ஹில்லேல் கொண்டுவந்த 'புரோஸ்புல்' என்ற பத்திர ஏற்பாட்டைப் பாருங்கள். ஏழாம் ஆண்டில் கடனைத் தள்ளிவிட வேண்டும் என்கிறது தோராவின் ஐந்தாம் நூலான உபாகமம் (அதிகாரம் 15). அந்த ஆண்டு நெருங்கினாலே ஏழைக்குக் கடன் கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. 'எனக்கு வரவேண்டிய கடனை விரும்பும்போது வசூலிப்பேன்' என்று அந்த ஊர் நீதிபதிகளிடம் ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்து, கீழே நீதிபதிகளோ சாட்சிகளோ கையெழுத்திட்டால் போதும், கடன் தள்ளுபடி ஆகாது என்று வழி செய்தார் ஹில்லேல். பத்திர வாசகம் ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே இருக்கிறது. தோரா தள்ளிய கடனை ஹில்லேல் எப்படி மீட்கலாம் என்று, மிஷ்னா மீதான விவாதத் தொகுப்பான தல்மூத் விடாமல் கேட்கிறது. இந்தக் காலத்து ஏழாம் ஆண்டுத் தள்ளுபடியே ரபிகள் வைத்ததுதான் என்கிறார் தல்மூத் அறிஞர் அபாயே. ஒருவர் சொத்தை உரிமையற்றதாக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்கிறார் இன்னோர் அறிஞர் ராவா. இத்தனை சிரமப்பட்டு அவர்கள் தவிர்த்த 'திருத்தத்தை' நாம் போகிற போக்கில் போட்டுவிடக் கூடாது.

எபிரேய வேர்ச்சொல்லுக்குச் செப்பனிடுதல் என்று பொருள். 'சீராணை' என்கிறேன். கூடப்பிறந்த 'கெசேரா'வுக்கு (தோராவை மீறிவிடாமல் ரபிகள் முன்கூட்டியே போடும் தடைக்கு) 'வேலியாணை': தோராவுக்கு வேலி கட்டுங்கள் என்பது மிஷ்னா வாக்கு. ஆட்டுக்குட்டியைத் தாயின் பாலில் சமைக்காதே என்கிறது தோரா; பாலோடு கோழிக்கறியும் கூடாது என்பது அப்படி வந்த வேலிதான். (கோழிக்கு ஏது தாய்ப்பால் என்று கலிலேயரான ரபி யோசே மறுத்தார். அவர் ஊரில் சேர்த்தே சாப்பிட்டார்கள்!)

---

> 'சீராணை' என்கிறேன்.

'சீர்' சரி, 'ஆணை' இடிக்கிறதே. வரி, வாடகை பற்றி ஊர்ச் சபைகள் தாங்களே கூடிப் போட்டுக்கொண்டவையும் தக்கனாதான். அங்கே யார் யாருக்கு ஆணையிடுவது? அதற்கு நம்மிடம் 'ஊர்க்கட்டுப்பாடு' தயாராக இருக்கிறது.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து ரபி, ரபேனு கெர்ஷோம் பெயரில், 1000ஆம் ஆண்டையொட்டி வந்த பலதார மணத் தடையையும் பாருங்கள். அஷ்கெனாசியர் (ஜெர்மனி வட்டார வழிவந்த யூதர்கள்) ஏற்றார்கள், ஏமன் யூதர்கள் ஏற்கவில்லை. ஆணை என்று எழுதினால் ஏமன்காரர்கள் மீறியவர்கள் ஆகிவிடுவார்கள். அவர்களை அது கட்டவே இல்லை என்பதுதான் நிலை.

'சீர்விதி' என் ஓட்டு. சபை போட்டதற்கு மட்டும் 'ஊர்க்கட்டுப்பாடு'. வேலியாணையையும் 'வேலிவிதி' ஆக்கிவிடலாம், சரிதானே?