போட்டோ பூத் படங்களைப் பிரிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவின் பெட்டியில், போட்டோ பூத்தில் (உள்ளே உட்கார்ந்தால் தானாகவே படம் எடுத்துத் தரும் கூண்டு) எடுத்த பழைய கருப்பு வெள்ளைப் படங்கள் கிடைத்தன. நீளமான துண்டில் வரிசையாக நாலு படம். மூன்றாவதில் அப்பா வாய்விட்டுச் சிரிக்கிறார், அம்மாவின் முகம் பாதிதான் விழுந்திருக்கிறது. அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

இரண்டு துண்டுகள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கால பூத்களில் நெகட்டிவ் கிடையாது, படம் நேராகத் தாளிலேயே பதியும். இது போனால் வேறு பிரதி இல்லை. தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கலாமா, மேல்பூச்சு உரிந்துவிடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

அப்புறம், ஸ்கேன் செய்ய 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதுமா? இந்தப் படங்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி விழுந்திருக்கின்றன. அப்பாவின் வகிடுகூட மாறியிருக்கிறது. அதைத் திருப்ப எனக்கு மனமில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?