3எக்ஸ் + 4 = 7எக்ஸ் என்று எழுதும் ஒன்பதாம் வகுப்பு: எங்கே தொடங்குவது?

புது டீச்சர் 9பி:

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து வருடம் ஆறாம், ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துவிட்டு இந்த வருடம்தான் உயர்நிலைப் பள்ளிக்கு வந்திருக்கிறேன். ஒன்பது பி, 42 பிள்ளைகள். சுற்றுவட்டார நடுநிலைப் பள்ளிகள் நான்கிலிருந்து வந்து சேர்ந்தவர்கள், அதனால் ஆளுக்கொரு பழக்கம். கண மொழியும் மெய்யெண்களும் ஓரளவு போய்விட்டன, இயற்கணிதம் ஆரம்பித்து எட்டு நாள் ஆகிறது. படி எது, கெழு எது என்று கேட்டால் கோரஸாகச் சொல்கிறார்கள். ஆனால் நோட்டு திருத்த உட்கார்ந்தால் 3எக்ஸ் + 4 = 7எக்ஸ் என்று பாதிப் பேர் எழுதியிருக்கிறார்கள். (ஃபோனில் தமிழ் கீபோர்டு மட்டும்தான், அதனால் எக்ஸ் என்றே தட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஏ கூட்டல் பி முழுவதற்கும் வர்க்கம் எடுக்கச் சொன்னால் ஏ², பி² இரண்டை மட்டும் எழுதி நிறுத்துகிறார்கள். 3எக்ஸ் = 15 என்ற கணக்கில் ஒரு பெண் எக்ஸ் = −5 என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "3 அந்தப் பக்கம் போச்சுல்ல டீச்சர், குறி மாறணும்ல" என்கிறாள். அவள் நன்றாகப் படிக்கிற பெண், கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அடுத்து மீதித் தேற்றம், காரணித் தேற்றம், தொகுமுறை வகுத்தல், நேரிய சமன்பாடுகள் என்று வரிசையாக நிற்கின்றன. இப்படியே மேலே போகவா, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அடியிலிருந்து வரவா? பின்னால் போவதென்றால் எவ்வளவு தூரம்?

சாக்பீஸ்:

டீச்சர், போர்டில் இதை ஒரு தடவை எழுதிப் பாருங்கள்: 9 + 6 = □ + 5. கட்டத்தில் என்ன வரும் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தாளில் எழுதச் சொல்லுங்கள், சத்தமாகக் கேட்க வேண்டாம். என் அனுபவத்தில் ஒன்பதாம் வகுப்பிலும் ஒரு கூட்டமே 15 என்று எழுதும். ஒன்றாம் வகுப்பிலிருந்து சமக்குறிக்கு அவர்கள் கண்ட பொருள் "விடையை இங்கே எழுது" என்பதுதான், இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பது அல்ல. இதைச் சரிசெய்யாமல் சமன்பாட்டுக்குப் போனால் எக்ஸ் அவர்களுக்கு மந்திரம் மாதிரி ஆகிவிடும்.

அந்தப் பெண் சொன்னதும் இங்கிருந்துதான் வருகிறது. "பக்கம் மாறினால் குறி மாறும்" என்று நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்? அவள் அதை அப்படியே பெருக்கலுக்கும் போட்டுவிட்டாள். இரண்டு வாரத்துக்கு அந்த வாக்கியத்தை வகுப்பில் யாரும் சொல்லக்கூடாது என்று வைத்துவிடுங்கள், நீங்களும்தான். 5எக்ஸ் − 7 = 2எக்ஸ் + 8 என்றால் தராசு படம் போட்டு, இரண்டு தட்டிலும் 7 சேர், இரண்டு தட்டிலிருந்தும் 2எக்ஸ் எடு, 3எக்ஸ் = 15, இரண்டையும் மூன்றாகப் பங்கு வை. அப்புறம் 5ஐப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், இந்தப் பக்கம் 18, அந்தப் பக்கமும் 18. விடையைத் தானே சரிபார்க்க முடியும் என்று தெரிந்த பிள்ளை நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராது.

ஒரு விஷயம், வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். அல்ஜீப்ரா என்ற பெயரே 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி பயன்படுத்திய அல்-ஜபர் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. உடைந்ததை, குறைந்ததைப் பழையபடி ஆக்குவது என்று பொருள், எலும்பு முறிவைக் கட்டிச் சரிசெய்வதற்கும் அதே சொல்தான். ஒரு பக்கம் 7 குறைந்து கிடக்கிறது, இரண்டு பக்கமும் 7 சேர்த்து அதை நிறைவாக்குகிறோம், அதுதான் அல்-ஜபர். அவர் எக்ஸ், ஒய் எதுவும் போடவில்லை, முழுக் கணக்கையும் வார்த்தையிலேயே எழுதினார். உங்கள் பிள்ளைகளும் முதல் வாரம் வார்த்தையில் எழுதட்டும், ஒன்றும் தப்பில்லை.

எட்டாம் வகுப்பு சார்:

நடுநிலைப் பள்ளியில் இருப்பவன் என்பதால் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். ஏ என்றால் ஆப்பிள், பி என்றால் பனானா, ஆப்பிளையும் பனானாவையும் கூட்ட முடியாது என்று பல வருடம் நடத்தினேன். அன்றைக்கு நன்றாகப் புரிகிற மாதிரி இருக்கும். ஆனால் எழுத்து என்பது பொருளின் பெயர் என்று பிள்ளை மனதில் பதிந்துவிடுகிறது, அது ஓர் எண் என்பது போய்விடுகிறது. சோதித்துப் பாருங்கள்: கல்யாண மண்டபத்தில் ஒரு மேசைக்கு 4 நாற்காலி, மேசைகளின் எண்ணிக்கை எம், நாற்காலிகளின் எண்ணிக்கை என், சமன்பாடு எழுது. நிறையப் பேர் எம் = 4என் என்பார்கள், "ஒரு மேசை, நாலு நாற்காலி" என்று படிக்கிறார்கள். 5 மேசைக்கு 20 நாற்காலி, இதைப் போட்டுப் பார் என்றால் 5 = 80 என்று வந்து நிற்கும், அப்போதுதான் முழிப்பார்கள். ஆப்பிளை விட்டே நான்கு வருடம் ஆகிறது.

அதற்குப் பதிலாக நான் செய்வது தீக்குச்சி. வரிசையாக ஒட்டிய சதுரங்கள், ஒன்றுக்கு 4 குச்சி, இரண்டுக்கு 7, மூன்றுக்கு 10. எக்ஸ் சதுரத்துக்கு எத்தனை? ஒருவன் 3எக்ஸ் + 1 என்பான். இன்னொருத்தி 4 + 3(எக்ஸ் − 1) என்பாள். மேல்வரிசை எக்ஸ், கீழ்வரிசை எக்ஸ், நிற்கிற குச்சி எக்ஸ் + 1 என்று ஒருவன் எண்ணியிருப்பான். மூன்றும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று அவர்களே சண்டை போடுவார்கள், சுருக்குவது எதற்கு என்று நாம் சொல்லவே வேண்டாம். 3எக்ஸ் + 4 = 7எக்ஸ் என்பவனிடமும் எக்ஸுக்கு 2 போட்டுப் பார் என்று மட்டும் சொல்லுங்கள். 10, 14. அடுத்த தடவை பேனாவை வைக்கும் முன் யோசிப்பான்.

பத்தாம் வகுப்பு கணக்கு:

சாக்பீஸ் சார் சொல்வது சரிதான், ஆனால் இரண்டு வாரத்தை எங்கிருந்து எடுப்பது? எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அடியிலிருந்து வந்தால் வடிவியலும் முக்கோணவியலும் வருடக் கடைசியில் ஓட்டமாக ஓடும், அந்தப் பிள்ளைகள்தான் அடுத்த வருடம் என்னிடம் வருகிறார்கள். என் யோசனை, நாற்பது நிமிடப் பீரியடில் முதல் பத்து நிமிடம் பழையதற்கு, மீதி பாடத்துக்கு. பின்னங்களும் குறை எண்களும் அந்தப் பத்து நிமிடத்தில் வரட்டும், காரணிப்படுத்துதலில் விழுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறார்கள்.

ஏ கூட்டல் பி முழுவதன் வர்க்கம் மாதிரியான முற்றொருமையை (எந்த எண்ணைப் போட்டாலும் இரண்டு பக்கமும் சமமாக வருவது) மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். கிராஃப் தாளில் 13க்கு 13 சதுரம் வரைந்து 10, 3 என்று இரண்டு பக்கமும் பிரிக்கச் சொல்லுங்கள். 100, 30, 30, 9. அந்த இரண்டு முப்பதையும் கலர் அடித்த பிள்ளை 2ஏபியை மறக்காது. தொகுமுறை வகுத்தலை இரண்டு நாளில் முடிக்கலாம், அது பழகினால் வரும்.

புது டீச்சர் 9பி:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை முதல் பத்து நிமிடத்தில் 9 + 6 = □ + 5 கொடுத்தேன். 42 பேரில் 17 பேர் 15 என்று எழுதினார்கள், நான்கு பேர் 20. எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் இப்போதாவது எங்கே நிற்கிறோம் என்று தெரிகிறது. இருபது எழுதியவர்கள் எல்லாவற்றையும் கூட்டிவிட்டார்கள்.

தராசு போட்டு மூன்று கணக்கு செய்தோம். −5 எழுதிய பெண் இடைவேளையில் வந்து, "அப்போ குறி மாறுதுன்னு சொல்றது ரெண்டு பக்கமும் கூட்டுறதைத்தானா டீச்சர்?" என்று கேட்டாள். நாளைக்குத் தீக்குச்சி வாங்கிப் போகிறேன். ஒரு சந்தேகம் மட்டும், எக்ஸுக்குக் குறை எண் விடையாக வரும்போது தராசை எப்படிக் காட்டுகிறீர்கள்? எக்ஸ் + 9 = 4க்கு எனக்கே படம் போட வரவில்லை.

சாக்பீஸ்:

அங்கே தராசை விட்டுவிடுங்கள் டீச்சர், இழுத்துப் பிடித்தால் குழம்பும். எண்கோட்டுக்குப் போங்கள். எங்கிருந்து கிளம்பி 9 அடி வலப்பக்கம் நடந்தால் 4இல் நிற்பாய் என்று கேளுங்கள், பின்னாலேயே எண்ணி −5க்கு வந்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் 9ஐக் கழிக்கும் வரியை அதன் கீழேயே எழுத வையுங்கள்.