இரண்டரை வயது மகனின் பேச்சுத் தாமதம்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் தமிழும் குழந்தைகள் காப்பகத்தில் ஆங்கிலமும் கேட்டு வெளிநாட்டில் வளரும் எங்கள் மகனுக்கு இரண்டரை வயது நிறைந்துவிட்டது. இரு மொழிகளிலும் சேர்த்து ஏறக்குறைய 30 சொற்களே பேசுகிறான், இரண்டு சொற்களை இணைத்துப் பேச இன்னும் தொடங்கவில்லை. பொதுவாக 24 மாதங்களில் 50 சொற்களும் இருசொல் தொடர்களும் எதிர்பார்க்கப்படுகின்றன என்பதையும், அந்தக் கணக்கில் இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதையும் அறிவேன். சொல்வதைப் புரிந்துகொள்கிறான், வேண்டியதைச் சுட்டிக்காட்டுகிறான்; செவித்திறன் சோதனையிலும் குறையில்லை.

வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசும்படி காப்பக ஆசிரியை கூறுகிறார். ஆனால் இருமொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. அவனுடைய பாட்டிக்கோ தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது (என் ஆங்கிலமும் ஒரு குழந்தைக்குக் கற்றுத்தரும் அளவுக்குச் சரளமானதன்று). ஆகவே தமிழை விடுவதாக இல்லை.

தமிழ் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் கிடைக்காத நிலையில், மொழிபெயர்ப்பாளர் துணையுடன் இரு மொழிகளிலும் மதிப்பீடு செய்துகொண்டவர்கள் இங்கு இருந்தால், அது எவ்வாறு நடந்தது, பயிற்சியை வீட்டில் தமிழில் எப்படித் தொடர்ந்தீர்கள் என்பதைச் சற்று விரிவாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். "பொறுத்திருங்கள், தானாகப் பேசுவான்" என்ற பதிலை மட்டும் தவிர்க்க வேண்டுகிறேன்; அப்படிப் பொறுத்தே ஆறு மாதங்கள் கழிந்துவிட்டன.