எட்டு பின் ஒயர் இரண்டு இருக்கிறது, மாமா

குழு: ஆச்சி வீடு
ஞாயிறு

கவின், மாலை 4:10
மாமா, புதுக் கம்ப்யூட்டரின் மதர்போர்டைக் கேபினட்டில் திருகிவிட்டேன். பிராசசர், ராம், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் உட்கார்ந்தாச்சு. பவர் சப்ளை பெட்டியைத் திறந்தால் ஒரே கருப்பு ஒயர். எதிலிருந்து தொடங்க?

அம்மா, 4:11
கரண்ட் விஷயம். அப்பா வரட்டும்டா.

செல்வம் மாமா, 4:13
பிளக்கைச் சொருகாத வரை பயமில்லை அக்கா. பவர் சப்ளையை மட்டும் கழற்றி உள்ளே பார்க்கக் கூடாது, கரண்ட் இல்லாவிட்டாலும் கெப்பாசிட்டரில் மிச்சம் நிற்கும்.
கவின், முதலில் பெரிய 24 பின் ஒயர். மதர்போர்டின் வலது ஓரம். கொக்கி "டக்" என்று விழ வேண்டும். போர்டு கொஞ்சம் வளையும், ஓரத்தை விரலால் தாங்கிக்கொள்.

கவின், 4:21
விழுந்தது. கிராபிக்ஸ் கார்டுக்கும் மாட்டிவிட்டேன்.

கவின், 4:38
மாமா, ஆன் செய்தேன். ஃபேன் எல்லாம் சுற்றுகிறது. திரையில் ஒன்றுமே இல்லை. மதர்போர்டில் சின்னதாகச் சிவப்பு லைட்.

அம்மா, 4:38
நான் அப்போதே சொன்னேன்.

செல்வம் மாமா, 4:40
யார் உன்னை ஆன் செய்யச் சொன்னது? பின்னால் இருக்கும் சுவிட்சை வட்டம் போட்ட பக்கம் தள்ளு. பிளக்கையும் உருவு. அந்த லைட் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?

கவின், 4:42
சிபியு.

செல்வம் மாமா, 4:43
சிபியு என்றால் பிராசசர்தான். மேலே இடது மூலையில் எட்டு ஓட்டை இருக்குமே, அதில் என்ன மாட்டினாய்?

கவின், 4:44
எதுவும் இல்லை. எட்டு பின் ஒயர் இரண்டு வந்தது. ஒன்று கார்டுக்குப் போய்விட்டது. அதே ஒயரில் தொங்கும் இன்னொரு முனையை அங்கே வைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. அது தேவையில்லாத ஓட்டை போல என்று விட்டுவிட்டேன்.

அம்மா, 4:45
கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தால் போகாதா?

செல்வம் மாமா, 4:49
அக்கா!!
நுழையாதது நல்லதாகப் போயிற்று. இரண்டும் எட்டு பின்தான், ஆனால் வேறு வேறு. நடுவில் நாலும் நாலுமாகப் பிரிவது பிராசசருக்கு. ஆறும் இரண்டுமாகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கு. ஒன்றில் 12 வோல்ட் வரும் வரிசையில் மற்றதில் கிரவுண்ட், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, இருக்கும். அதனால்தான் பிளாஸ்டிக்கை வேறு வடிவில் வார்த்திருக்கிறார்கள். கையால் லேசாக அழுத்திப் போகவில்லை என்றால் அது அந்த இடத்துக்கு உரியதில்லை.

கவின், 4:51
24 பின் வழியாகப் பிராசசருக்குக் கரண்ட் போகாதா?

செல்வம் மாமா, 4:54
போதாது. 2000-இல் பென்டியம் 4 வந்த சமயத்தில்தான் பிராசசருக்கென்று தனியாக 12 வோல்ட் ஒயர் வந்தது. அப்போது நாலு பின், இப்போது எட்டு. ஃபேன் 24 பின்னில் வரும் கரண்டிலேயே சுற்றும். அதை நம்பி ஏமாறாதவர்கள் குறைவு.

கவின், 5:20
நாலு+நாலு கிடைத்தது. இப்போது கை போகவில்லை மாமா, மேலே பிராசசரின் கூலர் இடிக்கிறது.

செல்வம் மாமா, 5:21
போர்டைத் திருகுவதற்கு முன்பே அந்த ஒயரை மேல் ஓட்டை வழியாக இழுத்து வைத்திருக்க வேண்டும். இனி என்ன செய்ய, மேல் ஃபேனைக் கழற்று.

கவின், 5:47
படம் வந்துவிட்டது!! பயாஸ், அந்த முதல் செட்டிங் பக்கம், தெரிகிறது!

ஆச்சி, 5:48
(குரல் செய்தி, 0:09)

அம்மா, 5:49
ஆச்சி "என்ன படம் போடுகிறான்" என்று கேட்கிறார்கள்.

கவின், 5:55
மாமா, கடைசியாக ஒன்று. நம் பழைய கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்கையும் இதில் போடலாம் என்று அப்பா சொன்னார்கள். டிஸ்குக்குக் கரண்ட் தரும் புதிய சாட்டா பவர் ஒயர் நீளம் பற்றவில்லை. பரணில் பழைய பவர் சப்ளையின் ஒயர் ஒன்று கிடந்தது. அச்சு அசலாகப் பொருந்துகிறது. மாட்டி ஆன் செய்யட்டுமா?

செல்வம் மாமா, 5:55
வேண்டாம்

செல்வம் மாமா, 5:55
தொடாதே

செல்வம் மாமா, 5:59
டிஸ்க் பக்கம் இருக்கும் முனைக்குத்தான் பொது விதி. பவர் சப்ளை பக்கம் எந்தப் பின்னில் என்ன வரும் என்பது ஒவ்வொரு கம்பெனிக்கும் அதனதன் இஷ்டம். ஒரே கம்பெனியின் வேறு மாடல் என்றால்கூட நம்ப முடியாது. ஓட்டை பொருந்தும், 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 12 வோல்ட் வரும். 2012-இல் நான் செய்த அதே வேலை. ஆன் செய்ததும் ஒரு வாடை, அவ்வளவுதான், டிஸ்க் போனது.

அம்மா, 6:00
டிஸ்க் மட்டுமா போனது? இவன் காதுகுத்துப் படம் மொத்தமும் அதில்தானே தம்பி இருந்தது. உன் மடியில் உட்கார்ந்து அலறினானே, ஒரு படம் மிச்சமில்லை.

செல்வம் மாமா, 6:01
பதினான்கு தீபாவளியாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் அக்கா.
கவின், டிஸ்கை இரண்டு அடுக்கு கீழே இறக்கி மாட்டு. புது ஒயரே எட்டும்.

கவின், 6:20
எட்டியது. பயாஸில் டிஸ்க் பெயர் காட்டுகிறது.

அப்பா, 6:26
இப்போதுதான் பார்த்தேன். நல்ல வேலை செய்தாய் மாப்பிள்ளை. உன்னிடமிருந்து காதுகுத்துப் படமெல்லாம் காப்பி செய்துகொள்ளத்தான் அந்தப் பழைய டிஸ்கையே வாங்கினேன். காப்பி செய்ததாகத்தான் ஞாபகம்.

அம்மா, 6:26
என்னது?

செல்வம் மாமா, 6:27
அத்தான், பதினான்கு வருஷம்!

அப்பா, 6:29
யாரும் என்னிடம் கேட்கவில்லையே.