தாத்தா கார்: குடும்பக் குழு

அக்கா: ஷெட்டைத் திறந்தாச்சா? போட்டோ போடுடா.

நான்: [4 படங்கள்] மோரிஸ் மைனர் அப்படியே நிற்கிறது. நான்கு டயரும் தரையோடு தரை. பேட்டரி வாங்கி மாட்டி, ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கட்டுமா?

சித்தப்பா: தொடாதே!

சித்தப்பா: வருஷக்கணக்காகச் சும்மா நின்ற என்ஜின். பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு துருவில் ஒட்டியிருக்கலாம். ஸ்டார்ட்டரை அடித்தால் ரிங் உடையும். முதலில் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, துளைக்குத் துளை கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு ஓரிரு நாள் ஊறப்போடு. அப்புறம் நியூட்ரலில் வைத்து, முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்று. மறுத்தால் பலத்தைக் காட்டாதே, மறுபடி ஊறட்டும்.

அத்தான்: மாமா, அதெல்லாம் மெக்கானிக் பார்த்துக்கொள்வார். நான் பெயிண்டரிடமே பேசிவிட்டேன். பழசை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு மெட்டாலிக் சிவப்பு, சீட்டுக்குப் புது லெதர்.

அக்கா: 😍😍

சித்தப்பா: கோபிக்காதீர்கள் மாப்பிள்ளை. அது தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட். சுரண்டிவிட்டால் யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. புதுசாக அடிப்பதை எந்த வருஷம் வேண்டுமானாலும் செய்யலாம், அவசரம் என்ன?

அத்தான்: வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறதே மாமா?

சித்தப்பா: வெளுத்தது மேல் தோல்தான். அந்தக் காலத்துப் பெயிண்டுக்கு மேலே கிளியர் கோட் என்கிற நிறமில்லாப் பூச்சு கிடையாது. டேய், முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியைப் போக்கு. உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல்தான் மிஞ்சும். பிறகு கண்ணில் படாத இடமாகப் பார்த்து, மென்மையான பாலிஷ் வைத்துக் கையால் தேய். மெஷின் வேண்டாம். வளைவு, ஓரங்களில் பெயிண்ட் மெல்லிசு, அங்கே கை வைக்காதே.

நான்: [படம்] பின்பக்கம் நம்பர் பிளேட்டுக்குக் கீழே உள்ளங்கை அளவு தேய்த்தேன். துணி முழுக்கப் பச்சை! கழன்று வருகிறதோ?

சித்தப்பா: பயப்படாதே. செத்த பெயிண்ட் வருகிறது. தேய்த்த இடத்தைப் பார்.

நான்: முகம் தெரிகிறது சித்தப்பா!

அத்தான்: சரி, சிவப்பு ஒத்திவைப்பு.

அக்கா: அப்போ எதையுமே மாற்றக் கூடாதா? பிரேக் கூடவா? குழந்தைகளை ஏற்றுகிற வண்டி.

சித்தப்பா: பிரேக்கில் விளையாட்டே கிடையாது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சிலிண்டர்களுக்குள்ளே துரு பிடித்திருக்கும். வீல் சிலிண்டர், ரப்பர், ஹோஸ் எல்லாம் புதுசு. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில் தரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது, கார்ப்பெட்டைத் தூக்கினால் அதன் மூடி தெரியும். அதை மறந்துவிடுகிறார்கள். இந்த வண்டிக்கு ஒரே பிரேக் லைன். ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் போச்சு. டயரும் அப்படித்தான், மேலே பட்டன் தேயாமல் முழுசாக இருந்தாலும் ரப்பர் செத்திருக்கும். கழற்றுகிற ஒவ்வொன்றையும் கவரில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதிவை. தூக்கிப் போடாதே.

நான்: பெட்ரோல்?

சித்தப்பா: வடித்துவிடு. வார்னிஷ் நாற்றம் அடித்தால் டேங்கையும் இறக்கிக் கழுவ வேண்டும். புது பெட்ரோல் விட்டுச் சாவி போட்டதும் பம்ப் டிக் டிக் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உடனே புது பம்ப் வாங்கிவிடாதே. உள்ளே கரண்ட்டைத் தொட்டு விடுகிற பாயிண்ட் ஒட்டியிருக்கும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெல்லத் தட்டு, பல தடவை உயிர் வந்துவிடும். இன்னொன்று, இது பாசிட்டிவ் எர்த் வண்டி, பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் சேரும். பழக்க தோஷத்தில் நெகடிவ்வை பாடியில் கொடுத்துவிடாதே!

அத்தான்: எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது குற்றமா மாமா?

சித்தப்பா: இல்லை மாப்பிள்ளை, பாசிட்டிவ் எர்த்துக்கானதாகப் பார்த்து வாங்கினால் போதும். பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள்ளேயே அடங்கிவிடும், ஓட்டை எதுவும் போட வேண்டாம். இப்போது அங்கே தீப்பொறிக்காகத் திறந்து மூடுகிற பழைய சி.பி. பாயிண்ட்டை எடுத்து வைத்தால் வேண்டும்போது திரும்ப மாட்டலாம். பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபீவா 2012இல் ஏற்ற டுரின் சாசனமும் இதைத்தான் கேட்கிறது: மாற்றினால் திரும்ப எடுக்கிற மாதிரி மாற்று, செய்ததை எழுதிவை.

அக்கா: சீட்?

சித்தப்பா: பிரிந்த தையலை மட்டும் தைக்கலாம். உள்ளே எலி இருக்கிறதா என்று முதலில் பார். வயரையும் கடித்திருக்கும்.

நான்: ஒரு வீல் கப் காணோம். ஆன்லைனில் புதுசு இருக்கிறது, ஆர்டர் போடட்டுமா?

அத்தை: வட்டமாக, நடுவில் எம் எழுத்து போட்டதா?

நான்: ஆமாம் அத்தை!

அத்தை: அது என் ரோஜாத் தொட்டிக்கு அடியில் இருக்கிறது. தண்ணீர் வழியாமல் இருக்க வைத்தேன்.

சித்தப்பா: ஐயோ!

அத்தை: கத்தாதே அண்ணா. கம்பி நார் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று அனுப்புகிறேன்.

சித்தப்பா: தேய்க்காதேம்மா!! அப்படியே பேப்பரில் சுற்றி வை, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அத்தை: வரும்போது தொட்டிக்கு ஒரு தட்டு வாங்கி வா.